வணிகமும் சட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தேவகோட்டையில் பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் பிரிவு படிக்கிறேன். பி.காம்., எல்.எல்.பி. என்னும் ஐந்தாண்டுப் படிப்பில் சேர விரும்புகிறேன். காரைக்குடியிலேயே பி.காம். முடித்துவிட்டுப் பிறகு சட்டம் படிக்கலாமே என்கிறார் அப்பா. சம்பாத்தியம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டு வாசலில் நிற்க நேருமோ என்பது அம்மாவின் கவலை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு மாணவி, தேவகோட்டை

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அப்பா சொல்லும் வழி தள்ளத்தக்கதன்று. காரைக்குடியில் இப்போது அரசு சட்டக் கல்லூரியே இருப்பதால், பி.காம். பட்டத்தையும் அதன்பின் மூன்றாண்டுச் சட்டத்தையும் ஊரைவிட்டு நீங்காமலே படித்துவிடலாம். அவ்வழியில் ஆறு ஆண்டுகள் ஆகும். ஒருங்கிணைந்த படிப்பில் ஐந்து. ஆனால், மிச்சமாகும் அந்த ஓராண்டுக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டில் மனம் மாறினால் பி.காம். பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேற, வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் இடம் தருவதில்லை. எனவே, சட்டம்தான் வேண்டும் என்ற உறுதி இருந்தால் ஐந்தாண்டுப் படிப்பில் சேருங்கள். ஐயம் இருந்தால் அப்பா சொல்வதே சரி.

சேர்க்கைக்கு வழிகள் பல. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் சென்னையில் நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இடம் தருகிறார்கள். திருச்சியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் (CLAT) என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள் கொண்ட, ஆங்கில வாசிப்பை நம்பிய தேர்வு.

இனி, வணிகம், சட்டம் இவ்விரண்டையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். நம் பகுதிக்கு இது புதிதன்று. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேயர் வங்கிக் கம்பெனி திவாலானதற்கு மறு ஆண்டே, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயல, நகரத்தாரின் முதலும் ஆதரவும் சேர்ந்து இந்தியன் வங்கி உருவாயிற்று. இன்றைக்கு உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடிய ஒரு பெரிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பங்காளிகள் பலராகி, சிலர் சென்னையிலும் சிலர் மலேசியாவிலும் இருக்க, அவ்வீட்டை விடுதியாக்கலாம் என்று ஒருவர் முன்வருகிறார். யாருக்கு எத்தனை பங்கு, ஒப்பாதவரின் பங்கை என்ன செய்வது, பாகப் பிரிவினை வழக்குக்குப் போவதா குத்தகைப் பத்திரம் எழுதுவதா என்பவை சட்டக் கேள்விகள். கூட்டு வணிகமாகப் பதிவு செய்வதா கம்பெனியாகவா, வரும் வாடகைக்கு ஜி.எஸ்.டி. எப்படி, வெளிநாட்டிலுள்ள பங்காளிக்குப் பணம் அனுப்பும்போது எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்பவை கணக்குக் கேள்விகள். வழக்கறிஞர் ஒரு பாதியும் ஆடிட்டர் மறு பாதியும் சொல்ல, இடையில் கட்சிக்காரர் திண்டாடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு பாதியையும் ஒருசேரப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களுக்கு மிகவும் தேவை.

பெரிய அளவிலும் இதுவே நிலை. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் வந்த பிறகு, நிறுவனங்களின் திவால் வழக்குகளை விசாரிக்கும் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வாதிடுபவர் ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) படிக்கத் தெரியாமல் ஓரடி நகர முடியாது. நிறுவனங்களின் சட்டப் பிரிவு, வங்கிகளின் சட்ட அதிகாரி பணி, வரி ஆலோசனை ஆகியவையும் உண்டு. கம்பெனிச் செயலர் தேர்வுகளையும் எழுதி முடித்தால் மதிப்பு மேலும் கூடும். ஆனால், முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி.

அம்மாவின் கவலை உண்மையானது. அதை மழுப்ப மாட்டேன். வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளும் கட்டணம் ஒரு தடையாக இருந்தது; பொதுப் பிரிவினருக்கு அது 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்கறிஞர்களுக்கு அவர்களின் சீனியர்கள் மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் தரவேண்டும் என்றது. எல்லாச் சீனியர்களும் அப்படித் தருகிறார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீதிபதித் தேர்வை எண்ணினாலும், 2025 மே மாதத் தீர்ப்பின்படி மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவை. ஆகவே, படிப்பு முடிந்தபின் இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டார் கைகொடுக்க இயலுமா என்பதை இப்போதே அப்பா அம்மாவோடு மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பாகப் பிரிவினை வழக்கின் பிராது (வழக்கைத் தொடுக்கும் மனு) ஒன்றையும், ஏதேனும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையையும் வாங்கி, புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு முழுதும் படியுங்கள். இரண்டிலும் ஆர்வம் எழுந்தால் தயங்காமல் சேருங்கள். ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரங்கள் களப்பயிற்சி கட்டாயம். அதில் ஒரு பகுதியை மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையிலும், விதி இடந்தரும் அளவுக்கு இன்னொரு பகுதியைக் காரைக்குடியில் வரி வழக்குகள் பார்க்கும் ஓர் அலுவலகத்திலும் செய்யும்படி திட்டமிடுங்கள்.