இரும்பு அயனியில் 29 எலக்ட்ரான் ஏன் வராது?

கேள்வி: இரும்பு 3+ அயனியில் எலக்ட்ரான்கள் 26 + 3 = 29 என்று எழுதினேன். விடையில் 23 என்று இருக்கிறது. கூட்டல் குறி என்றால் கூட்டத்தானே வேண்டும்? நியூட்ரானைக் கணக்கிட்டாலும் எனக்குத் தசமத்தில் வருகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: 23தான் சரி. மின்சுமை என்பது புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கழித்தால் மிஞ்சுவது. எலக்ட்ரான் எதிர்மின்சுமை கொண்டது என்பதால், அது வெளியேறும்போதுதான் அணு நேர்மின்சுமை பெறும். இரும்பின் அணு எண் 26. வேதிவினையில் இந்த 26 புரோட்டான்களும் அப்படியே இருக்கும். ஒன்று கூடினால் அது கோபால்ட், ஒன்று குறைந்தால் மாங்கனீசு. மாறுவது எலக்ட்ரான் மட்டுமே.

ஆகவே அணு எண்ணிலிருந்து மின்சுமையை அதன் குறியோடு சேர்த்துக் கழியுங்கள். இரும்பு 3+ என்றால் 26 − (+3) = 23. கந்தகம் 2− என்றால் 16 − (−2) = 18. எழுதிய விடையைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம்: 26 − 23 = +3, சரி. உங்கள் 29ஐப் போட்டால் −3 வரும். குறி அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி நியூட்ரான். தசமம் வருகிறதென்றால், தனிம வரிசை அட்டவணையில் உள்ள அணு நிறையை நேரடியாக எடுத்துவிட்டீர்கள். அது ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் அணுக்கள்) சராசரி. குளோரினுக்கு 35.45 என்று போட்டிருக்கும். ஆனால் எந்தக் குளோரின் அணுவிலும் 18.45 நியூட்ரான் கிடையாது. இயற்கையில் கிடைப்பவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு குளோரின்-35 (18 நியூட்ரான்), மீதி குளோரின்-37 (20 நியூட்ரான்).

முழு எண்ணாக்கினால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைப்பார்கள். அதுவும் எப்போதும் கைகொடுக்காது. தாமிரத்தின் 63.55ஐ முழுமையாக்கினால் 64 வரும். ஆனால் இயற்கைத் தாமிரத்தில் இருப்பவை 63, 65 ஆகிய இரண்டுதான். கேள்வியில் எந்த ஐசோடோப்பு என்று சொல்லியிருந்தால் அந்த நிறை எண்ணை (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூட்டுத்தொகை) மட்டும் எடுங்கள்: இரும்பு-56 என்றால் 56 − 26 = 30 நியூட்ரான். அயனியானாலும் அதே 30தான். எலக்ட்ரானின் நிறை புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ 1836இல் ஒரு பங்கு என்பதால் நிறை எண்ணில் அதற்குக் கணக்கே இல்லை.

பல அணுக்கள் சேர்ந்த அயனியில் மின்சுமையை ஒவ்வோர் அணுவுக்கும் தனித்தனியாகக் கழித்துவிடுவது வழக்கமான பிழை. அது மொத்த அயனிக்கும் உரியது. நைட்ரேட்டில் ஒரு நைட்ரஜன், மூன்று ஆக்சிஜன்: 7 + 3 × 8 = 31 புரோட்டான். மின்சுமை 1−, ஆகவே 32 எலக்ட்ரான். அம்மோனியத்தில் ஒரு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன்: 7 + 4 = 11 புரோட்டான், மின்சுமை 1+, எலக்ட்ரான் 10.

ஹைட்ரஜன்-1 அணுவின் 1+ அயனிக்கு எலக்ட்ரான் 0, நியூட்ரான் 0 என்று வந்தால் பதறி அடித்துவிடாதீர்கள். அது வெறும் ஒற்றைப் புரோட்டான், விடை சரிதான்.