செமினரி படிக்கும் கணவரோடு அமெரிக்கா வரவிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். இங்கே ஒரு செமினரியில், அதாவது இறையியல் கல்லூரியில், எம்.டிவ். என்ற மூன்று ஆண்டு இறையியல் முதுகலைப் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது. நீங்கள் அரசு உதவி பெறும் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆசிரியை. பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, ஐந்து வயது. "அவருக்குக் கேட்ட அழைப்பு எனக்குக் கேட்கவில்லையே அக்கா, வேலையை விட்டுவிட்டுக் கூடப் போகலாமா, போனால் அங்கே நான் என்ன செய்வேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2012 ஆகஸ்டில் ஏழு வயது மகளையும் நான்கு வயது மகனையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறியபோது என் மனதிலும் இதே கேள்விதான் இருந்தது. நான் அதை யாரிடமும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதுவே பெரிய காரியம்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மாணவர்களுக்கான எஃப்-1 விசா, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவரைச் சார்ந்து கிடைக்கும் எஃப்-2. எஃப்-2 விசாவில் இருப்பவர் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. பகுதி நேர வேலையும் கூடாது. வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாலும், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாலும், காசு வாங்கினால் அது வேலைதான். "போன பிறகு ஏதாவது கிடைக்கும், கர்த்தர் வழி திறப்பார்" என்று சபையில் பலர் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். விதியை மீறினால் உங்கள் விசா நிலை பறிபோகும். அதன்பின் அவர் மட்டும் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

இது மூன்று ஆண்டுகளோடு முடிகிறது என்றும் நினைக்காதீர்கள். என் கணவர் 2015-ல் படித்து முடித்தார். பிறகு, படித்த துறையில் வேலை செய்ய மாணவர்களுக்குத் தரும் ஓ.பி.டி. என்ற அனுமதியில் ஓராண்டு வேலை செய்தார், அப்போதும் நான் எஃப்-2. அடுத்து ஒரு சபை அவரை, சமய ஊழியர்களுக்கான ஆர்-1 விசாவில் போதகராக வைத்துக்கொண்டது. அதில் மனைவிக்குக் கிடைப்பது ஆர்-2, அதிலும் வேலை செய்ய முடியாது. 2019-ல் கிரீன் கார்டு வந்த பிறகுதான் நான் முதல் சம்பளம் வாங்கினேன். ஏழு ஆண்டுகள். ஊரில் கூட்டுறவு வங்கியில் காசாளராக நாள் முழுதும் பணம் எண்ணியவள், இங்கே சானிட்டரி நாப்கின் வாங்கவும் கணவரிடம் கார்டைக் கேட்டு நின்றேன். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் கேட்டு வாங்குவது கேட்டு வாங்குவதுதான். இரண்டாம் ஆண்டில்தான் வங்கிக் கணக்கில் என் பெயரையும் சேர்த்தோம். நீங்கள் வந்த முதல் வாரமே பாஸ்போர்ட்டோடு இருவரும் போய்க் கூட்டுக் கணக்கு திறந்துவிடுங்கள். வீட்டுக் கணக்கு நோட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். கிரேக்கமும் எபிரெயமும் படிப்பவர் மின்சாரக் கட்டணத்தின் கடைசித் தேதியை மறப்பார், அவரைக் கோபித்துப் பயனில்லை.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற சான்றைத் தருவதற்கு முன் செமினரி முதல் ஆண்டுக் கட்டணம், அவருடைய செலவு, உங்கள் மூவருடைய செலவு எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கும். பலர் அந்த ஒரு ஆண்டுக்குக் கணக்குக் காட்டிவிட்டு மீதி இரண்டு ஆண்டுகளை விசுவாசத்தில் விட்டுவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வந்தோம். இப்போது யாராவது கேட்டால், உதவித்தொகை மூன்று ஆண்டுகளுக்கும் உண்டா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்பதை எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். இதைக் கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு அமெரிக்க அரசு வாங்கும் செவிஸ் கட்டணம் அவருக்கு மட்டும்தான். நாங்கள் கட்டியது 200 டாலர், 2019-லிருந்து 350.

கல்லூரி நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம் வரை அவர் வேலை செய்யலாம். நூலகம், சமையற்கூடம், தோட்டம் என்று என்ன கிடைக்கிறதோ அது. வெளியே பிரசங்கத்துக்குப் போகும்போது மட்டும் மிகவும் கவனம் தேவை. முதல் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு தமிழ் ஐக்கியத்தில் என் கணவரைப் பேச அழைத்தார்கள். ஆராதனை முடிந்து காரில் ஏறும்போது ஒரு பெரியவர் ஓடிவந்து கையில் ஒரு கவரைத் திணித்தார். உள்ளே நூறு டாலர். அந்த வாரம் மளிகைக்கு எங்களிடம் இருந்தது நாற்பது. இரவு முழுக்க அந்தக் கவர் சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகளின் பால் தம்ளருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. காலையில் என் கணவர் செமினரியின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம் கேட்டார், ஆலோசகர் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். திருப்பிக் கொடுத்தோம். காணிக்கை என்று நாம் பெயர் வைத்தாலும் குடியேற்றச் சட்டம் அதை ஊதியமாகப் பார்க்க இடம் உண்டு. சபைப் பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்தால், பொதுவாக முதல் கல்வியாண்டு முடிந்தபின், படிக்கும்போதே பயிற்சி வேலை செய்யத் தரும் சி.பி.டி. அனுமதி பெற்று ஊதியம் வாங்கலாம். அனுமதி கைக்கு வந்த பிறகே வாங்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் எஃப்-2 மனைவியர் பட்டத்துக்காகப் படிக்கவே முடியாது. 2015-ல் விதி மாறியது. இப்போது அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழு நேரத்துக்குக் குறைவாக, பட்டத்துக்குச் சேரும் பாடங்களையே நீங்கள் படிக்கலாம். முழு நேரம் படிப்பதென்றால் எஃப்-1 நிலைக்கு மாற வேண்டும். பல செமினரிகள் மாணவர்களின் மனைவியர் வகுப்பில் உட்கார்ந்து கேட்க அனுமதிக்கின்றன, கட்டணமில்லாமலோ மிகக் குறைந்த கட்டணத்திலோ. சேர்க்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே இதைக் கேளுங்கள், அவரை விட்டுக் கேட்கச் சொல்லாமல் நீங்களே எழுதிக் கேளுங்கள். அந்த ஊரில் உங்கள் பெயரில் போகும் முதல் கடிதம் அதுவாக இருக்கட்டும். நூலகத்திலோ பள்ளியிலோ ஊதியமில்லாத் தொண்டு செய்யவும் தடையில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வாருங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. பெரிய நகரங்கள் தவிர மற்ற இடங்களில் பஸ்ஸை நம்பிப் பால் வாங்கக்கூடப் போக முடியாது. எஃப்-2 விசாவில் உங்களுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்காது. அதனால் பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனால், அந்த எண் பெறத் தகுதியில்லை என்று அதற்கான அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிவரச் சொல்வார்கள். இது தெரியாமல் நான் இரண்டு முறை திரும்பி வந்தேன். உரிமம் கைக்கு வந்தது ஏழாவது மாதம். அன்று பனி கரைந்து சாலை ஈரமாக இருந்தது. பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து நூலகத்துக்கு நானே ஓட்டிப் போனேன். இரண்டு மைல்தான். இறங்கியதும் மகள், "அம்மா, இனிமேல் அப்பா வரும்வரை காத்திருக்க வேண்டாமா?" என்று கேட்டாள்.

பிள்ளைகளைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். எஃப்-2 பிள்ளைகள் அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கலாம். தடுப்பூசி அட்டையின் மூலப் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளியில் முதலில் கேட்பது அதைத்தான். ஆங்கிலம் தானாக வரும், தமிழ்தான் தானாகப் போகும். நாங்கள் இரவுக் குடும்ப ஜெபத்தைத் தமிழில் மட்டுமே வைத்துக்கொண்டோம். ஆளுக்கு இரண்டு வசனம் தமிழ் வேதாகமத்திலிருந்து சத்தமாக வாசிக்க வேண்டும். இன்று என் மகள் பாட்டிக்குத் தமிழில் கடிதம் எழுதுவது அந்தப் பழக்கத்தால்தான். பல்லையும் கண்ணையும் புறப்படும் முன்பே ஊரில் பார்த்துவிடுங்கள். இங்கே மருத்துவக் காப்பீட்டில் பல் பெரும்பாலும் சேராது, குடும்பத்துக்கான காப்பீடோ கல்லூரிக் கட்டணத்துக்கு அடுத்த பெரிய செலவு.

இனி நான் சொல்வதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. செமினரி அவரை மாற்றும், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். முதல் ஆண்டு எல்லோருக்கும் சந்தோஷமாகவே இருந்தது. சமையலறைச் சுவரில் கிரேக்க வினைச்சொல் அட்டைகளை ஒட்டியிருந்தார். "லூஓ, லூஎய்ஸ், லூஎய்" என்று மகன் சோறு பிசைந்துகொண்டே அப்பாவோடு சேர்ந்து ராகம் போடுவான். இரண்டாம் ஆண்டில் அவர் பேச்சு குறைந்தது. நான் பணக்கவலை என்று நினைத்தேன், சில நாள் என்மேல் ஏதோ மனக்கசப்பு என்றுகூட நினைத்தேன். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு கிரேக்கப் பிரதிகளில் இல்லை என்று வகுப்பில் படித்த நாளில் அவர் இரவு சாப்பிடவில்லை. அது எனக்குத் தெரியவந்ததே இரண்டு மாதம் கழித்துத்தான். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள் அவை. என்னிடம் சொன்னால் என் விசுவாசமும் ஆடிவிடும் என்று பயந்து, தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். சொன்ன இரவு இருவரும் வெகுநேரம் பேசினோம், அழுதோம். அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் தூங்கியதும் அரை மணி நேரம், அன்று படித்ததை அவர் எனக்குச் சொல்ல வேண்டும், புரியும்வரை நான் கேள்வி கேட்பேன். தேர்வு நாட்களிலும் அதை விடவில்லை. ஊழியத்தில் இத்தனை ஆண்டுகள் நாங்கள் நின்றது அந்த அரை மணி நேரத்தால் என்றே நம்புகிறேன். நீங்கள் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

திரும்பிப் போய் ஊரில் ஊழியம் செய்வதுதான் உங்கள் எண்ணம் என்றால், புறப்படும் முன்பே இருவரும் பேராயரைப் பார்த்துப் பேசுங்கள். நம் திருமண்டலங்களில் குருப்பட்டத்துக்கு, இந்தியாவில் இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. பட்டம்தான் பழகிய வழி. இங்கே வாங்கும் எம்.டிவ். பட்டத்தை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது வாய்வார்த்தையாக இல்லாமல் கடிதமாக வரட்டும். படித்து முடித்துத் திரும்பியபின், வேறு ஏதாவது படித்துவிட்டு வாருங்கள் என்ற பதிலைக் கேட்ட குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

அழைப்பு உங்களுக்குக் கேட்கவில்லை என்று எழுதியதில் ஒரு குற்ற உணர்வு தெரிகிறது. அதை விட்டுவிடுங்கள். ஆபிரகாமைப் புறப்படச் சொன்னபோது கர்த்தர் சாராளிடம் தனியாகப் பேசியதாக வேதத்தில் இல்லை. ஆனால் ஒன்று, சம்மதமில்லாமல் வராதீர்கள். ஆறு மாதம் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, அவர் முன்னால் வந்து ஒரு பருவம் படிக்கட்டும், நீங்கள் கல்வியாண்டை முடித்துவிட்டுப் பிள்ளைகளோடு வரலாம். அதற்கும் எஃப்-2 விசாவில் வழி உண்டு. அவரிடம் இதைச் சொல்லத் தயங்கினால், இந்தக் கடிதத்தையே படிக்கக் கொடுங்கள். ராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுத வேண்டாம். சம்பளமில்லா நீண்ட விடுப்புக்கு வழி உண்டா என்று தலைமையாசிரியரிடமும் தாளாளரிடமும் இந்த வாரமே கேளுங்கள். ஐ-20 உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வர வேண்டும், பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஓர் எழுத்து விடாமல் சரிபாருங்கள். தாளாளர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

ஜெபத்துடன்,
உங்கள் அக்கா