டர்னிட்டின் 31 சதவீதம் காட்டுகிறது: பாடத்தை விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகள் சென்னையில் பிளஸ் டூ முடித்து, இந்த ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். முதல் செமஸ்டரிலேயே காம்போசிஷன் என்று ஒரு கட்டுரைப் பாடம். சிலபஸே ஒன்பது பக்கம். ஆய்வுக் கட்டுரையின் முதல் டிராஃப்டைக் கொடுத்ததும் டர்னிட்டின் 31 சதவீதம் காட்டியதாம். 'வந்து என்னைப் பார்' என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார். காப்பி அடிக்கவே இல்லை என்கிறாள். பாடத்தை விட்டுவிடலாமா? நான் பேராசிரியருக்கு ஒரு மெயில் போடட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பாடத்தை விட்டால் விசா வரைக்கும் போகலாம். உங்கள் மெயிலுக்குப் பேராசிரியரால் பதில் சொல்லவே முடியாது. காரணங்களைப் பின்னால் சொல்கிறோம். முதலில் அந்த 31.

டர்னிட்டின் திருட்டைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், முன்பு மாணவர்கள் கொடுத்த கட்டுரைகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, எந்தெந்த வரிகள் ஒத்துப்போகின்றன என்று காட்டும், அவ்வளவுதான். மேற்கோள் குறிக்குள் முறையாக எடுத்தாண்ட வரியும், கடைசிப் பக்க நூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேரலாம். பட்டியலையும் மேற்கோளையும் விலக்கிப் பார்க்கும் வசதி பேராசிரியரிடம் இருக்கிறது. விலக்கினால் 31 பாதியாகக்கூட இறங்கலாம். 'இத்தனை சதவீதத்துக்குள் இருந்தால் தப்பில்லை' என்று பொதுவான எல்லை எதுவும் கிடையாது. 8 சதவீதம் காட்டும் கட்டுரையில் ஒரு முழுப் பத்தியே அப்படியே எடுக்கப்பட்டிருக்கலாம்.

அறிக்கையை மாணவர்கள் பார்க்க அனுமதி இருந்தால், மகள் அதைத் திறந்து நிறமிட்ட ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மேற்கோள் குறியும் ஆசிரியர் பெயரும் இருக்கிறதா? கவலையில்லை. நூற்பட்டியலா? விட்டுவிடலாம். இரண்டும் இல்லாமல், மூலத்தின் வாக்கியத்தில் நாலு சொல் மட்டும் மாறி நிற்கிறதா? சிக்கல் அங்கேதான். புதிதாக வரும் மாணவர்கள் 'காப்பி அடிக்கவில்லை' என்று மனதாரச் சொல்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மூலத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: 'மரங்கள் குறைவாக உள்ள குடியிருப்புகளில் கோடை வெப்பம் அதிகமாக இருப்பதால் குளிர்சாதனப் பயன்பாடு உயர்ந்து, ஏழைக் குடும்பங்களின் மின்கட்டணம் கூடுகிறது.' மாணவர் எழுதுவது: 'மரம் குறைந்த பகுதிகளில் கோடையின் சூடு கூடுதலாக இருப்பதால் ஏசி பயன்பாடு அதிகரித்து, வறிய குடும்பங்களின் மின்கட்டணம் உயர்கிறது.' சொற்கள் மாறின. வாக்கியத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. கீழே ஆசிரியர் பெயரைப் போட்டாலும் இது ஏற்கப்படாது. ஏற்கத்தக்கது இப்படி இருக்கும்: 'தெருவில் மரம் இல்லாததற்கான விலையை அங்கே குடியிருக்கும் ஏழைகள் கரன்ட் பில்லாகக் கட்டுகிறார்கள் என்பது இவரது வாதம்.' கூடவே ஆசிரியரின் குடும்பப் பெயரும் பக்க எண்ணும் அடைப்புக்குறிக்குள்.

இந்த அரைகுறை மாற்றத்துக்கு அங்கே பேட்ச்ரைட்டிங் என்று பெயர். எழுத்துப் பாட ஆசிரியர்கள் பலர் இதை ஏமாற்றாகப் பார்ப்பதில்லை, கற்றலில் ஒரு கட்டம் என்றே பார்க்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் நேர்மை விதிமுறை அந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் போகலாம். மாட்டியது டிராஃப்டில்தான், இறுதிக் கட்டுரையில் அல்ல என்பதில் நிம்மதி கொள்ளுங்கள். டிராஃப்ட் கேட்பதே இதற்காகத்தான்.

திருத்தும் வழி எளிது, நேரம்தான் பிடிக்கும். மூலப் பத்தியை இரண்டு முறை படித்து, மூடிவிட்டு, வேறு வேலை பார்த்துவிட்டு வந்து, பார்க்காமல் எழுத வேண்டும். பிறகு மூலத்தைத் திறந்து தகவல் சரியா என்று மட்டும் சரிபார்க்க வேண்டும். திரையில் மூலம் ஒரு பக்கம், கட்டுரை ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதினால் பேட்ச்ரைட்டிங்தான் வரும்.

பேராசிரியரைப் பார்க்கப் போகும்போது மூலக் கட்டுரைகளின் பிடிஎஃப், கைக்குறிப்புகள், கூகுள் டாக்ஸில் வெர்ஷன் ஹிஸ்டரி (எப்போது என்ன எழுதினாள் என்ற பதிவு) ஆகியவை கையில் இருக்கட்டும். 'நான் காப்பி அடிக்கவில்லை' என்று தொடங்க வேண்டாம். 'எந்தப் பத்திகளைத் திருத்த வேண்டும்?' என்று கேட்டால் பேச்சு சரியான திசையில் போகும்.

வெர்ஷன் ஹிஸ்டரி இன்னொன்றுக்கும் கைகொடுக்கும். 2023 ஏப்ரலில் டர்னிட்டின் ஏஐ எழுத்தைக் கண்டறியும் வசதியையும் சேர்த்தது. அது காட்டும் எண் வேறு, இந்த 31 வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏஐ கண்டறிவான்களை முழுக்க நம்பவும் முடியாது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு 2023இல் வந்தது. சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை தவறாக ஏஐ என்றன. ஆகவே முதல் வரியிலிருந்து ஒரே கோப்பில் எழுதுவதுதான் பாதுகாப்பு. வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டினால் வரலாறு வெறுமையாக இருக்கும். கிராமர்லி, மொழிபெயர்ப்புச் செயலி, சாட்ஜிபிடி ஆகியவற்றில் எது கூடும், எது கூடாது என்பது பேராசிரியருக்குப் பேராசிரியர் மாறும். தமிழில் எழுதிச் செயலியில் ஆங்கிலமாக்குவதைக்கூட ஏஐ என்றே கொள்பவர்கள் உண்டு. சிலபஸில் தெளிவாக இல்லையென்றால் மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்வது நல்லது.

இனி மதிப்பெண். நம் பள்ளியில் கட்டுரை என்றால் குறிப்புச்சட்டம், முன்னுரை, முடிவுரை. ஒரே தடவை எழுதுவோம், நோட்ஸில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். அங்கே இரண்டுமே தலைகீழ். வழிநெடுக மதிப்பெண் சிதறிக் கிடக்கும். மாதிரிக்கு ஒரு கணக்கு: இரண்டு சிறு கட்டுரைகளுக்கு 30, முன்மொழிவு 5, குறிப்புரையுடன் நூற்பட்டியல் 15, டிராஃப்டும் சக மாணவர் மதிப்பீடும் 10, இறுதி ஆய்வுக் கட்டுரை 25, வகுப்புப் பங்கேற்பு 10, தன்மதிப்பீட்டுக் குறிப்பு 5. முன்மொழிவு, டிராஃப்ட், தன்மதிப்பீடு மூன்றையும் 'சின்னதுதானே' என்று விட்டால் 20 போச்சு. மீதி 80இல் 85 சதவீதம் வாங்கினாலும் மொத்தம் 68. பல இடங்களில் அது டி. ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் இந்தப் பாடத்தில் சியாவது வாங்கினால்தான் கட்டாய எழுத்துப் பாட நிபந்தனை நிறைவேறும். நன்றாக ஆங்கிலம் எழுதும் பிள்ளைகள் இதில் தோற்பது இலக்கணத்தால் அல்ல, இந்தச் சுழியங்களால்.

அதிலும் ஏமாற்றுவது குறிப்புரையுடன் நூற்பட்டியல். மூலத்தின் சுருக்கத்தை மட்டும் எழுதிவிட்டு முடித்ததாக நினைப்பார்கள். ஒவ்வொரு மூலத்துக்கும் சுமார் 150 சொல் கேட்டால், இரண்டு மூன்று வாக்கியம் சுருக்கம், பிறகு இதை ஏன் நம்பலாம், எங்கே குறை, என் கட்டுரையில் எந்த வாதத்துக்குப் பயன்படும் என்று வர வேண்டும். கடைசிப் பகுதிதான் பலரிடம் இருக்காது. மூலங்களைக் கூகுளில் தேடுவதைவிட நூலகத் தளத்தின் வழியே ஜேஸ்டோர் போன்ற தரவுத்தளங்களுக்குள் போய், சக ஆய்வாளர் மதிப்பீடு பெற்றவை என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடட்டும். நூலகத்தில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். நாள் பிடிக்கும், கடைசி வாரத்தில் கேட்டுப் பயனில்லை.

தலைப்பு விஷயத்திலும் நம் பழக்கம் இடிக்கும். 'சமூக ஊடகத்தின் நன்மை தீமைகள்' என்பது அங்கே ஆய்வுத் தலைப்பாகாது. யாராவது மறுத்துப் பேசக்கூடிய ஒரு நிலைப்பாடு வேண்டும், அதுவும் ஆறேழு பக்கத்துக்குள் நிரூபிக்கும் அளவுக்குக் குறுகலாக. 'உயர்நிலைப் பள்ளிகளில் செல்போன் தடையை வகுப்பு நேரத்துக்கு மட்டும் வைத்தால் போதும்' என்றால் வாதிட இடம் இருக்கிறது.

வடிவம் பற்றிச் சுருக்கமாக: மேற்கோளும் நூற்பட்டியலும் பக்க அமைப்பும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிமுறை பெரும்பாலும் எம்எல்ஏ, 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்பு. நாலு பக்கமும் ஓர் அங்குல ஓரம், இரட்டை வரி இடைவெளி, வலது மேல் மூலையில் குடும்பப் பெயரும் பக்க எண்ணும், நூற்பட்டியலில் இரண்டாம் வரியிலிருந்து அரை அங்குலம் உள்ளே. ஏபிஏ என்ற இன்னொரு முறையைக் கேட்டால் 2019இல் வந்த ஏழாம் பதிப்பு. அதில் உள்குறிப்பில் ஆண்டும் வரும். தானாக நூற்பட்டியல் தயாரிக்கும் செயலிகள் பெரிய எழுத்து, சிறிய எழுத்தில் அடிக்கடி சறுக்கும். பர்டியூ பல்கலைக்கழகத்தின் இலவச எழுத்து வழிகாட்டித் தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தாமதத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு கிரேடு குறைப்பவர்களும் உண்டு, வாங்கவே மாட்டேன் என்பவர்களும் உண்டு. கெடு பொதுவாக இரவு 11:59. கட்டுரையை ஒப்படைக்கும் இணையத் தளமான கேன்வாஸில் ஏற்றிய பிறகு, ஏற்றிய கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். தவறான கோப்போ திறக்காத கோப்போ ஏறியிருந்தால் கொடுக்காத கணக்குதான். அவகாசம் வேண்டுமென்றால் கெடுவுக்கு முன்பே இரண்டு வரியில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். வராத நாட்களுக்கும் வரம்பு உண்டு. தாண்டினால் மொத்த கிரேடிலேயே கை வைப்பார்கள். தீபாவளிக்கு விடுப்பு வேண்டுமென்றால் மத விடுப்பு விதி இருக்கிறதா என்று சிலபஸில் பார்த்து, செமஸ்டர் தொடக்கத்திலேயே சொல்லிவைக்க வேண்டும்.

ரைட்டிங் சென்டர் மாணவர்களுக்கு இலவசம். ஆனால் பிழை திருத்தித் தர மாட்டார்கள்; வாதம் நிற்கிறதா, பத்திகள் வரிசையாக இருக்கின்றனவா என்று உட்கார்ந்து பேசுவார்கள். முன்பதிவு செய்து, அசைன்மென்ட் தாளோடு போகச் சொல்லுங்கள். செமஸ்டர் முடிவில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இப்போது பாடத்தை விடும் பேச்சு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளநிலை மாணவர் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். இந்தப் பாடம் பொதுவாக 3 கிரெடிட். விட்டால் 12க்குக் கீழே போகுமா என்று முதலில் பார்க்க வேண்டும். போகும் என்றால், விடுவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓவின் (மாணவர் விசா விஷயங்களைப் பார்க்கும் அதிகாரி) அனுமதி வேண்டும். விட்டுவிட்டுப் போய்ச் சொன்னால் விசா நிலையே கெட்டுவிடும். ஆங்கிலத்தில் தொடக்கத் தடுமாற்றம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமின்மை போன்ற காரணங்களுக்குக் குறைந்த பாடச்சுமைக்கு விதியில் இடமுண்டு. ஆனால் ஒரு படிப்பு நிலைக்கு ஒரு முறைதான், அப்போதும் 6 கிரெடிட்டாவது இருக்க வேண்டும். அந்த ஒரே வாய்ப்பை ஒரு டிராஃப்டுக்காகச் செலவழிப்பது வீண். இது பெரும்பாலான பட்டப்படிப்புகளில் கட்டாயப் பாடமும்கூட. இப்போது விட்டால் அடுத்த செமஸ்டரில் வந்து நிற்கும். பேராசிரியரைப் பார்த்த பிறகும் நிலைமை மோசம் என்று தெரிந்தால், கிரேடுக்குப் பதில் டபிள்யூ (விலகல் குறி) போட்டு விலகுவதற்கான கடைசித் தேதியைக் கல்வி நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்குள் டிஎஸ்ஓவிடம் பேசி முடிவெடுக்கட்டும்.

உங்கள் மெயில் விஷயம்: 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது, வயது எதுவானாலும். நீங்கள் எழுதினால் 'இதுபற்றிப் பேச இயலாது' என்றுதான் பதில் வரும், அல்லது வராது. மகள் விரும்பினால் பதிவாளர் அலுவலகத்தின் ஒப்புதல் படிவத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கலாம். அப்போதும் உங்களோடு பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பேராசிரியருக்குக் கிடையாது. மகளே எழுதட்டும்: பாட எண்ணும் பிரிவு எண்ணும் பொருள் வரியில், 'டிராஃப்டைப் பற்றிப் பேச வியாழன் ஆஃபீஸ் அவர்ஸில் வரலாமா? அறிக்கையில் நிறமிட்ட பத்திகளைப் பார்த்துவிட்டேன், இரண்டைத் திருத்தத் தொடங்கியிருக்கிறேன்' என்று இரண்டே வரி உள்ளே.