2,000 ரூபாய்க்குள் கிறிஸ்துமஸ் அலங்காரம் முடியுமா?

கேள்வி: காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் முன்பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கணவருக்கு ஜவுளிக்கடையில் வேலை. நான் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 24,000 ரூபாய் வரும். சென்ற டிசம்பரில் என் கம்மலை அடகுக்கடையில் வைத்து 8,000 ரூபாய் வாங்கினோம். அதில் 6,200 ரூபாய் வீட்டு அலங்காரத்துக்கே போய்விட்டது. ஆறடி பிளாஸ்டிக் மரம், பெரிய ஸ்டார், மூன்று சீரியல் செட், பலூன், ஜிகினாத் தோரணம் எல்லாம் வாங்கினோம். மாதம் 160 ரூபாய் வட்டி மட்டும் கட்டி வருகிறோம். கம்மல் இன்னும் கடையில்தான் இருக்கிறது. இந்த ஆண்டு கையில் இருப்பது 2,000 ரூபாய். "பிள்ளைகள் ஏங்கிப் போகும், மோதிரத்தையும் வைத்துவிடலாம்" என்கிறார் கணவர். 2,000 ரூபாய்க்குள் வீட்டைப் பார்க்கும்படி அலங்கரிக்க முடியுமா? அடுத்த ஆண்டுக்கு எப்படிச் சேர்ப்பது?
வாசகி, காரைக்குடி.

பதில்: சகோதரி, மோதிரம் விரலிலேயே இருக்கட்டும். நீங்கள் ஒதுக்கியிருக்கும் 2,000 ரூபாய் குறைவான தொகை அன்று. என் கணக்கில் அதில் மிச்சமே வருகிறது. அதற்கு முன் சென்ற ஆண்டுக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம். 8,000 ரூபாய்க்கு மாதம் 160 ரூபாய் என்பது நூற்றுக்கு இரண்டு வட்டி; அப்படிச் சொல்லும்போது காதுக்குச் சிறிதாகத்தான் கேட்கும். ஆண்டுக்கு அது 24 சதவீதம். அலங்காரத்துக்குப் போன 6,200 ரூபாய்க்கு மட்டும் மாதம் 124 ரூபாய் வட்டி, பதினொரு மாதங்களுக்கு 1,364 ரூபாய். ஆகவே அந்த அலங்காரத்தின் விலை இன்றைய தேதியில் 7,564 ரூபாய், அசல் அப்படியே நிற்கிறது. வட்டிக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் கணக்கை நாம் போடாமல் விடக்கூடாது.

செட்டிநாட்டுப் பெட்டியடியில், அதாவது கணக்குப் பார்க்கும் இடத்தில், ஐந்தொகை எடுப்பது என்பார்கள். இருப்பு எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று ஒரே தாளில் நிறுத்திப் பார்ப்பது. கடைக்குக் கிளம்புவதற்கு முன் நீங்களும் உங்கள் பரணுக்கு ஓர் ஐந்தொகை எடுங்கள். பிளாஸ்டிக் மரம் இருக்கும். அதைத் தட்டித் துடைத்தால் இன்னும் பத்து ஆண்டு நிற்கும். ஸ்டாரின் தாள் கிழிந்திருக்கலாம், சட்டம் கிழிந்திருக்காது. சீரியல் செட் மூன்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். வயர் உரிந்திருந்தால் எவ்வளவு அழகாக எரிந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தேக்கு உத்தரமும் பழைய வயரிங்கும் உள்ள வீட்டில் அந்த விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். நல்லதாக எத்தனை தேறுகின்றன என்று எழுதிக்கொண்ட பிறகே வாங்கவேண்டிய பட்டியலைத் தொடங்க வேண்டும். என் அனுபவத்தில், பட்டியலில் பாதி அங்கேயே அடிபட்டுப் போகும்.

அடுத்தது, எந்த இடத்தை அலங்கரிப்பது என்பது. சென்ற ஆண்டு நீங்கள் எல்லா அறைகளிலும் பலூன் கட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பலூனும் ஜிகினாவும் மூன்றாம் நாள் குப்பைக்குப் போகும் பொருள்கள், அவற்றுக்கு இந்த ஆண்டு ஒரு ரூபாய் கூட ஒதுக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குத் திண்ணையும் முகப்பும் இருக்கின்றன. நகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் ஆயிரக்கணக்கில் செலவழித்தும் பெற முடியாத தூணும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் உங்களுக்கு வாடகையோடு சேர்ந்தே வந்திருக்கின்றன. ஆகவே பணம் முழுவதும் திண்ணை ஓரத்தில் ஒரு குடிலுக்கும், வாசலுக்கு மேலே ஒரு ஸ்டாருக்கும் மட்டும் போகட்டும். கீத பவனி வருகிறவர்கள் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். நாங்கள் சிறு வயதில் தெருவில் அவர்கள் பாடிக்கொண்டு வரும்போது எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம். எந்த வீட்டு ஸ்டார் எந்த நிறம் என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது, யார் வீட்டுக்குள் என்ன இருந்தது என்பது அப்போதே தெரியாது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பணம் சம்பந்தப்பட்டது. செட்டிநாட்டுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்து மெருகேற்றியது. அதில் ஆணி அடித்தால் துளையோடு நிற்காது, உள்ளங்கை அளவுக்குச் செதில் பெயர்ந்து வரும். ஒட்டும் டேப்பும் உரிக்கும்போது மேல்மெருகைக் கொண்டுபோய்விடும். நான் முன்பு குடியிருந்த வீட்டில் ஒரு படம் மாட்ட அடித்த ஒற்றை ஆணிக்காக, காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் 1,500 ரூபாய் கழித்துக்கொண்டார்கள். ஆகவே கட்டவேண்டியதை எல்லாம் ஜன்னல் கம்பியிலும், உத்தரத்தில் ஏற்கெனவே இருக்கும் கொக்கியிலும், தூணைச் சுற்றி நூல் கயிற்றாலும் கட்டுங்கள். தரையில் பெயின்ட் வேண்டாம். அரிசி மாக்கோலம் போதும். அகல் விளக்கை ஒரு தட்டில் வைத்து ஏற்றினால் எண்ணெய் கல்லில் இறங்காது.

இனி செலவுக்கு வருவோம். ஸ்டாரின் பழைய சட்டத்துக்கு மேல் கண்ணாடித் தாள் ஒட்டி, உள்ளே 9 வாட் எல்இடி பல்பு போட 220 ரூபாய் ஆகும். சட்டமே உடைந்திருந்தாலும் மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி மைதாப் பசையால் தாள் ஒட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான், பிள்ளைகள் அதை விடமாட்டார்கள். குண்டு பல்பு போடாதீர்கள். அதன் சூட்டில் தாள் கருகும். இரண்டு புதிய எல்இடி சீரியல் செட்டுக்கு 360 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில் கடைகளில் தேங்கிக் கிடக்கும் அகல்களின் விலை இறங்கியிருக்கும்; ஒரு டஜன் அகலுக்கும் கொஞ்சம் எண்ணெய்க்கும் 100 ரூபாய். கலர் பேப்பர், பசை, நூலுக்கு 120.

குடிலுக்குக் காசைவிட நாள்கணக்குதான் முக்கியம். சுரூபங்கள் உங்களிடமோ மாமியார் வீட்டிலோ இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இந்த ஆண்டு குழந்தை இயேசு, மரியாள், சூசை ஆகிய மூன்று மட்டும் களிமண்ணில் வாங்குங்கள், ஆட்டிடையரும் அரசர்களும் வரும் ஆண்டுகளில் ஒவ்வொருவராக வரட்டும். கூரைக்கு வைக்கோலும் பனையோலையும் கிராமத்திலிருந்து வரும் யாரிடம் சொன்னாலும் கிடைக்கும். குடிலைச் சுற்றிப் பசும்புல் வேண்டுமென்றால் டிசம்பர் 14 அல்லது 15ஆம் தேதி கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, பழைய தட்டுகளில் மண் பரப்பித் தூவிவிடுங்கள். முளைப்பாரி வளர்க்கும் வழக்கம் நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முளைப்பாரியை இருட்டில் வைப்பதால் அது வெளிர்மஞ்சளாக வரும், குடிலுக்குப் பச்சை வேண்டும் என்பதால் தட்டுகளைக் காலை வெயிலில் வைக்க வேண்டும். பின்திரைக்குப் பெட்டியில் இருக்கும் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று போதும். அரக்குக் கரைக்கு முன்னால் வைக்கோலின் நிறம் எடுப்பாக இருக்கும். தானியம், மண், சில்லறைகளுக்கு 100 ரூபாய். எதிர்பாராத ஒரு பிளக், ஒரு ஃபியூஸ், ஒரு துண்டு வயருக்காக 200 ரூபாய் தனியே இருக்கட்டும். சுரூபம் வாங்க வேண்டியிராவிட்டால் மொத்தம் 1,100 ரூபாய்.

மின்கட்டணத்தைப் பற்றிப் பலரும் பயப்படுவார்கள், தேவையில்லை. வீட்டுக்காரர் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டாலும், 5 வாட் எல்இடி செட் ஒன்றை நாளுக்கு ஆறு மணி நேரம் ஒரு மாதம் எரித்தால் 0.9 யூனிட்தான், ஏழு ரூபாய் சொச்சம். பழைய வகை 40 வாட் செட் என்றால் 7.2 யூனிட், 58 ரூபாய்.

மிச்சமிருக்கும் 900 ரூபாயைத் தயவுசெய்து அலங்காரத்தில் போடாதீர்கள். கம்மல் சீட்டை எடுத்து அதில் மீட்புக்கெடு எதுவரை என்று இன்றே பாருங்கள்; ஓராண்டு நெருங்குகிறது, கெடு தாண்டினால் ஏலத்துக்குப் போகும் வாய்ப்பு உண்டு. தீபாவளிக்கு வந்த போனஸில் ஏதேனும் எஞ்சியிருந்தால் இந்த 900 ரூபாயையும் அதனோடு சேர்த்து, போதாததைச் சொந்தத்தில் யாரிடமாவது ஒரே நாள் கைமாற்றாகக் கேட்டு, காலையில் கம்மலை மீட்டு அன்றே வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடனாக வைத்துக் கைமாற்றைத் தீர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கொண்டால் 8,000 ரூபாய்க்கு மாதம் 67 ரூபாய்தான் வட்டி. இப்போது கட்டுவதைவிட மாதம் 93 ரூபாய் குறைவு, ஓராண்டில் 1,116 ரூபாய். இந்த ஆண்டு அலங்காரச் செலவு முழுவதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உடனே மீட்க முடியாவிட்டால் 900 ரூபாயை அசலில் கட்டி ரசீதில் எழுதி வாங்குங்கள்.

அடுத்த ஆண்டுக்கு, ஜனவரியில் வங்கியில் மாதம் 400 ரூபாய்க்குப் பதினொரு மாதத் தொடர் வைப்பு (ஆர்.டி.) தொடங்குங்கள். டிசம்பர் தொடக்கத்தில் 4,400 ரூபாயும், 6.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 140 ரூபாய் வட்டியும் கைக்கு வரும். அலங்காரம், பிள்ளைகளின் துணி இரண்டுக்கும் அது உதவும். அஞ்சலகத் தொடர் வைப்பு நல்ல திட்டம்தான், ஆனால் அது ஐந்தாண்டுக் கணக்கு. ஆண்டுதோறும் எடுக்கவேண்டிய பணத்துக்கு அது பொருந்தாது. பண்டிகைச் சீட்டு பிடிப்பவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள், அவர்களிடம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

ஸ்டாரோ சீரியல் செட்டோ இன்னும் வேண்டும் என்று தோன்றினால் டிசம்பர் 23ஆம் தேதி கடைக்குப் போகாமல் ஜனவரி முதல் வாரத்தில் போங்கள். விற்காமல் நின்றதை அப்போது கேட்ட விலைக்குத் தருவார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது, சீரியல் வயரை ஓர் அட்டையில் சுற்றி, சுரூபங்களைப் பழைய துணியில் பொதிந்து, பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.