வாசகர் கேள்வி – பதில்: இலவசப் பரிசு வீடியோவும் நம் பிள்ளைகளும்

கேள்வி: என் மகனுக்கு 10 வயது, மகளுக்கு 6 வயது. பள்ளி விட்டு வந்ததும் இருவரும் என் கைப்பேசியில் ‘கிவ்அவே’ வீடியோக்களைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் சைக்கிள் தருகிறார், இன்னொருவர் ஐபோன் தருகிறார், வேறொருவர் ப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டுக்குள் செலவழிக்கும் டைமண்ட் தருகிறார். மகன் ஒவ்வொன்றிலும் கமெண்ட் போட்டுவிட்டு, “இன்னிக்கு என் பேர் வரும்மா” என்று காத்திருக்கிறான். கணவர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனால் திரும்பி வரப் பல நாள்கள் ஆகும் என்பதால், வீட்டில் முடிவெடுக்க வேண்டியவள் நானே. எல்லாவற்றையும் நிறுத்திவிடவா? எது ஆகும், எது ஆகாது என்று எப்படிக் கண்டுகொள்வது?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சகோதரி, இத்தகைய வீடியோவைப் பார்த்ததும் ‘பரிசை உண்மையாகவே கொடுக்கிறார்களா?’ என்ற கேள்விதான் நமக்கு முதலில் எழும். பரிசு உண்மையாக இருந்தாலும் அந்த வீடியோ உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாததாக இருக்கக்கூடும். ஆகவே அது என்ன கொடுக்கிறது என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் மகனிடம் என்ன கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். அவன் விரும்பும் வீடியோ ஒன்றை அவனருகில் உட்கார்ந்து தொடக்கம் முதல் முடிவு வரை பாருங்கள். சேனலை சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வதோடு நிற்கிறதா, நண்பர்களுக்கு அனுப்பச் சொல்கிறதா, ஏதேனும் ஆப்பை இறக்கச் சொல்கிறதா, டெலிகிராம் குழுவில் சேரச் சொல்கிறதா, கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் கேட்கிறதா, ‘டெலிவரி கட்டணம் மட்டும்’ என்று பணம் கேட்கிறதா என்று பாருங்கள். சப்ஸ்கிரைப் செய்வதைத் தாண்டி எதைக் கேட்டாலும் அந்த வீடியோ உங்கள் வீட்டில் வேண்டாம் என்பது என் கருத்து.

கமெண்ட் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியதாக அமெரிக்காவில் எழுந்த வழக்கில், 2019 செப்டம்பரில், யூடியூபை நடத்தும் கூகுள் நிறுவனம் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக, ஒவ்வொரு வீடியோவும் குழந்தைகளுக்கானதா இல்லையா என்பதை அதை வெளியிடுபவரே அறிவிக்க வேண்டும் என்ற முறையை யூடியூப் கொண்டுவந்தது; 2020 ஜனவரி முதல், குழந்தைகளுக்கானது என்று அறிவிக்கப்பட்ட வீடியோவில் கமெண்ட் போடவே வழியில்லை. எனவே ‘கமெண்ட் போட்டால் பரிசு’ என்று ஒரு வீடியோ சொல்கிறது என்றால், அதில் பொம்மையும் சைக்கிளும் நிறைந்திருந்தாலும், அது குழந்தைகளுக்கானதாக அறிவிக்கப்படவில்லை என்றே பொருள். யூடியூபின் விதிப்படி சொந்தக் கணக்கு வைத்திருக்க 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே உங்கள் மகன் எழுதும் ஒவ்வொரு கமெண்ட்டும் உங்கள் பெயரில், உங்கள் கணக்கிலிருந்துதான் போகிறது.

மோசடிக்காரர்கள் காத்திருப்பதும் அந்தக் கமெண்ட் பகுதியில்தான். சேனல்காரரின் படத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு, ‘வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள், இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு வாருங்கள்’ என்று பதில் எழுதுவார்கள். வீட்டுக்கு ஒரே கைப்பேசி இருக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் ஏராளம். பிள்ளை விளையாடும் அதே கைப்பேசியில்தான் தாயின் வங்கிக் கணக்கும், யுபிஐயும், ஓடிபி வரும் எண்ணும் இருக்கின்றன. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை, பணம் போவதற்குத்தான் தேவை என்பதை உங்கள் மகனுக்கு இன்றே சொல்லிக் கொடுங்கள். விளையாட்டு ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்தால் டைமண்டை இலவசமாக ‘உருவாக்கி’த் தருவதாகச் சொல்லும் தளங்கள் அத்தனையும் ஏமாற்று. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். அந்த நேரத்தில் பிள்ளையை அடிக்கவோ திட்டவோ வேண்டாம். அடுத்த முறை அவன் உங்களிடம் மறைத்துவிடுவான்.

நேர்மையாகப் பரிசு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். போட்டியில் சேரக் கட்டணம் கூடாது, விதிகளை வெளியிட வேண்டும், திரட்டும் விவரங்களை அந்தப் போட்டிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பவை யூடியூபின் நிபந்தனைகள். கடைசித் தேதி, வயது வரம்பு, வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை ஆகியவை வீடியோவின் கீழே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பரிசுத் திட்டம் முடிந்த பின் முடிவை மறைப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பொருளை வாங்கும்படி குழந்தைகளை நேரடியாகத் தூண்டுவதையும், பெற்றோரை வாங்க வைக்கும்படி அவர்களிடம் சொல்வதையும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. ‘அம்மாகிட்ட கேட்டு இதை வாங்குங்க’ என்ற குரல் கேட்டால், அங்கேயே நிறுத்திவிடலாம்.

மகளுக்கும் மகனுக்கும் ஒரே விடை பொருந்தாது. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளால் விளம்பரத்தின் நோக்கத்தை உணர்ந்து எடைபோட இயலாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இல் தெரிவித்தது. ஆறு வயது மகளுக்கு இந்த வீடியோக்களே வேண்டாம். குழந்தைகளுக்கான தனி ஆப்பான, கமெண்ட் பகுதி இல்லாத யூடியூப் கிட்ஸில், நீங்கள் தேர்ந்தெடுத்தவை மட்டும் தெரியும்படி அமைத்துக் கொடுங்கள். மகனை ஒரேயடியாகத் தடுத்தால் நண்பன் வீட்டில் பார்ப்பான். அவனோடு கணக்குப் போடுங்கள்: ஒரு போனுக்காக 40,000 பேர் கமெண்ட் போட்டிருந்தால் தன் பெயர் வர எவ்வளவு வாய்ப்பு என்பதை அவனே வகுத்துப் பார்க்கட்டும். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை தடை செய்யப்படும் முன், அன்றாடக் கூலியில் சீட்டு வாங்கிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்களை நம் பகுதிப் பெரியவர்கள் அறிவார்கள். உங்கள் மகன் காசு இழக்கவில்லைதான். ஆனால் தினமும் காத்திருந்து தினமும் ஏமாறும் பழக்கம் பத்து வயதில் தொடங்குவது எனக்குக் கவலை தருகிறது.

கேள்வி: யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பையும் நோட்டும் கொடுத்து வீடியோ எடுத்தார். என் மகளிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லச் சொல்லி, அவள் அழுததையும் எடுத்துப் போட்டுவிட்டார். வகுப்பில் மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். பை வாங்கியது தவறா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: ஐயா, பை வாங்கியதில் எந்தத் தவறும் இல்லை. உதவிக்கு விலையாக ஒரு குழந்தையின் கண்ணீரைக் கேட்டதுதான் தவறு. கால்பந்துக்குப் பெயர்போன வியாசர்பாடிக்கு வந்து, பந்தை விட்டுவிட்டு வறுமையை மட்டுமே தேடிப் படம்பிடிப்பவர்களைக் காணும்போது மனம் வலிக்கிறது. இனி யாரேனும் இப்படி வந்தால், கேமராவை எடுக்கும் முன்பே, “பிள்ளையின் முகமும் பெயரும் பள்ளிச் சீருடையும் வரக்கூடாது” என்று நீங்கள் சொல்லலாம். கொடுக்கும் மனம் உள்ளவர் அதற்குப் பிறகும் கொடுப்பார். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. முதலில் அந்தச் சேனல்காரருக்கே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் நீக்க மறுத்தால், யூடியூபின் தனியுரிமைப் புகார்ப் படிவத்தில், பெற்றோர் என்ற முறையில், வீடியோவின் லிங்கையும் மகள் தெரியும் நிமிடத்தையும் குறித்து அனுப்புங்கள். வகுப்பில் நடக்கும் கேலியை ஆசிரியரிடம் நேரில் சென்று சொல்லுங்கள். மகளை வைத்துக்கொண்டு பேச வேண்டாம்.