நாற்பது டிகிரியில் ஒரு கம்பளிக் கோட்

அன்புள்ள அக்கா,

வணக்கம். புத்தகம், கோயில், சாப்பாடு என்று எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். உடுப்பைப் பற்றி மட்டும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் இதைக் கேட்கலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஜெர்மனி, ஸ்பெயின் பையர்கள். எங்களுக்குப் பெரிய ஆர்டர் எல்லாம் சம்மருக்குத்தான், காட்டன் டி-ஷர்ட். விண்டருக்குக் கொஞ்சம் ஹூடி வரும். அந்த ஹூடியை ஏப்ரல், மே வெயிலில் தைப்போம். ஃப்ளீஸ் துணியின் பஞ்சு பறந்து எல்லார் புருவத்திலும் உட்கார்ந்திருக்கும். பகலெல்லாம் பையரோடு பத்து சென்ட்டுக்குப் பேரம் பேசிவிட்டு, ராத்திரி பையன் தூங்கினதும் போனில் மிலான், பாரிஸ் ஃபேஷன் ஷோக்களைப் பார்ப்பேன். காலேஜ் நாளிலிருந்து உள்ள பழக்கம். மேக்ஸ் மாரா என்ற இத்தாலியக் கம்பெனியில் ஒட்டக நிறத்தில் ஒரு கோட் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் படம் என் போனில் வருஷக்கணக்காக இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர், "இங்க மே மாசம் நாப்பது டிகிரி. அதப் போட்டுட்டு எங்க போவ, ஐஸ் பாக்டரிக்கா?" என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. விலையைப் பார்த்தால் எங்கள் இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து பல மாதம் வேண்டும்.

ஒரு துணி எப்படி உருவாகிறது, அதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று எல்லாம் தெரிந்த எனக்கே இப்படி ஓர் ஆசை இருப்பது வெட்கமாக இருக்கிறது. இது வெறும் பகட்டா? அடுத்த வருஷம் கம்பெனி சார்பில் ஐரோப்பா போகும் வாய்ப்பு வரும்போல இருக்கிறது. வாங்கலாமா அக்கா?

(பெயர் வேண்டாம்)
திருப்பூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

ஐஸ் பாக்டரி என்று சொன்னவருக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள்.

உடுப்பைப் பற்றி எழுதாததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, யாரும் கேட்கவில்லை. பட்டுச்சேலை என்றால் பாரம்பரியம், பண்பாடு என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். உனக்குப் பிடித்த உடுப்பு எது என்று கேட்க மாட்டார்கள். கேட்டிருந்தால் நாள் முழுக்கப் பேசியிருப்பேன்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். 101801 என்ற எண்தான் அதற்குப் பெயர். நாள் முழுக்க ஸ்டைல் நம்பரோடு மாரடிக்கும் உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 1981இல் ஆன்-மேரி பெரெட்டா என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் மேக்ஸ் மாராவுக்காகச் செய்தது. கம்பளியும் காஷ்மியர் என்ற மெல்லிய ஆட்டு ரோமமும் கலந்த துணி, முன்பக்கம் இரண்டு வரிசைப் பொத்தான், கிமோனோ மாதிரி அகலக் கை. அன்றைக்கு வந்தது இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பழசை ஓரங்கட்டிப் பிழைக்கிற தொழிலில் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே ஸ்டைல் ஓடுகிறது. ரிபீட் ஆர்டர் என்றால் இதைச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் மிலானில் ஒரு தோழி வீட்டில் தங்கியிருந்தபோது அவள் என்னைக் கடைக்கு இழுத்துப் போனாள். நான் இருந்த கோலம்: சுங்குடிச் சேலை, மேலே ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. கடைப்பெண் முகம் சுளிக்கவில்லை. கோட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு கையை நுழைக்கச் சொன்னார். முந்தானை சுருண்டு முதுகில் மூட்டையாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. உள்ளே அவ்வளவு இடம். பாரம் ஓரிடத்தில் அழுத்தாமல் தோள் முழுக்கப் பரவி உட்கார்ந்தது. காலர் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, துணிக்குள் பாதி புதைந்தாற்போலப் பொடிப் பொடியான தையல், எறும்புச் சாரிபோலக் கீழே வரைக்கும் இறங்குகிறது. புந்தீனோ என்று அதற்குப் பெயராம். ஓரம் புரளாமல் படிந்து நிற்பது அதனால்தான். கண்ணாடியில், கோட்டுக்குக் கீழே கொசுவம் எட்டிப் பார்க்க, ஏதோ தூதரகத்து அம்மா மாதிரி இருந்தேன். நன்றி சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனோம்.

அதைத் தைப்பவர்களைப் பற்றி நீங்கள் கட்டாயம் யோசித்திருப்பீர்கள். மேக்ஸ் மாராவை 1951இல் ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊரில் ஆரம்பித்தவர் அகில்லே மரமோட்டி. அவருடைய அம்மா தையல் பள்ளி நடத்தியவர். அந்த நாளில் இத்தாலியில் நல்ல கோட் வேண்டுமென்றால் தையல்காரரிடம் அளவு கொடுக்க வேண்டும். அந்தத் தரத்தில் கோட்டைப் பாக்டரியில் செய்யலாம் என்று இறங்கினார் மகன். ஆகவே நீங்கள் படத்தில் பார்த்து ஏங்குவதும் கட்டிங், ஸ்டிச்சிங், அயர்னிங், செக்கிங் என்று லைனில் நகர்ந்து வந்த சரக்குதான். அந்த ஊருக்குப் பக்கத்தில் சான் மவ்ரீட்சியோவில் இருக்கிறது பாக்டரி. 2025இல் அங்கே வேலை செய்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலைச் சூழலைப் பற்றிப் புகார் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். நிறுவனம் புகார்களை மறுத்தது. லட்சங்களில் விற்கிற கோட்டின் லைனிலும் டார்கெட் சண்டை உண்டு என்பது உங்களுக்குச் செய்தியாக இருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, சீசனுக்கு வருகிறேன். நீங்கள் ராத்திரி பார்க்கிற ஷோக்களின் கணக்கு இது: இலையுதிர், குளிர்கால உடுப்புகளைப் பிப்ரவரி, மார்ச்சில் காட்டுவார்கள். நியூயார்க், லண்டன், மிலான், கடைசியில் பாரிஸ். சரக்கு ஜூலை, ஆகஸ்டில் கடைக்கு வரும், ஐரோப்பாவே வெயிலில் வேகும்போது. ஜனவரியில், குளிரில் மூக்கு உறைகிற சமயத்தில், கம்பளி எல்லாம் தள்ளுபடிக்குப் போய்விடும். கடை ஜன்னலில் கையில்லாத கவுன் நிற்கும். வானிலைக்கும் இந்தச் சீசனுக்கும் உறவு அறுந்து ரொம்ப நாளாயிற்று. அலமாரியைக் காலிசெய்து மறுபடி நிரப்புகிற கணக்கு அது. நம் ஆடித் தள்ளுபடியும் அதுதானே? ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் படுத்துவிடும், தேங்கிய சரக்கைத் தள்ளியாக வேண்டும். தீபாவளிக்குப் புதுப்பெயரில் பட்டு இறக்குவதும் அதே வகை. போத்தீஸ் சாமுத்ரிகா பட்டு என்று டிவியில் விளம்பரம் வந்த காலத்தில், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிய பெண்கள் என் உறவிலேயே உண்டு.

மேற்கே இப்படி முன்கூட்டியே உடுப்பைச் செய்து காட்டி விற்பதற்கு வழி போட்டவர் என்று சார்ல்ஸ் ஃப்ரெடரிக் வொர்த்தைச் சொல்வார்கள். இங்கிலாந்துக்காரர். 1858இல் பாரிஸில் கடை போட்டார். அதுவரை சீமாட்டிகள் சொன்னதைத் தையல்காரர் தைத்தார். இவர் தானே வடிவமைத்து, உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டி, இதில் எது வேண்டும் என்று கேட்டார். உடுப்புக்குள் தன் பெயரை லேபிளாகத் தைத்தார். ஓவியர் கையெழுத்துப் போடுவதில்லையா, அந்த நினைப்பு.

கோடை, குளிர்காலச் சீசன்களுக்கு நடுவில் குரூஸ், ரிசார்ட் என்று இன்னொரு சீசன் இருக்கிறது. குளிர்காலத்தில் வெயில் தேடிக் கப்பலேறிய பணக்காரர்களுக்காக வந்தது. நவம்பர் வாக்கில் கடைக்கு வரும். மெல்லிய பருத்தி, லினன், தொளதொள கால்சட்டை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கடைகளில் திருப்பூர்க்காரருக்கும் சென்னைக்காரருக்கும் வருஷம் முழுக்க உதவக்கூடியது அது ஒன்றுதான். நாமோ கம்பளிக்கு ஏங்குகிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்கப் பணக்காரப் பையன்கள் ஒரு காலத்தில் கோடை வந்தால் எதற்கு அலைந்தார்கள் தெரியுமா? நம் கைலிக் கட்டத்துக்கு. மெட்ராஸ் செக்ஸ். 1950களின் கடைசியில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க உடுப்புக் கம்பெனி அந்தத் துணியில் சட்டையும் ஜாக்கெட்டும் தைத்து விற்றது. துவைத்தால் சாயம் நிற்காது என்ற விவரம் வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கட்டம் கட்டத்தோடு கலந்து புகார்கள் வந்தன என்பது துணி வியாபாரிகள் இன்றும் சொல்கிற கதை. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்தே விளம்பரம் செய்தார்கள். அது பிடித்துக்கொண்டது. நன்றாகச் சாயம் போன சட்டைதான் பெருமை என்று ஆயிற்று. உங்கள் கம்பெனியில் துவைத்துப் பார்க்கும்போது கலர் இறங்கினால் லாட்டே ரிஜெக்ட். அங்கே அதற்குக் கூடுதல் விலை.

தூரத்துச் சரக்கு என்றால் ஒரு கவர்ச்சி, அவ்வளவுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நான் கோபப்படுகிற இடம் வேறு. சீசன் முடிந்து தங்கிய சரக்கை என்ன செய்வது? உங்கள் ஊரில் காதர்பேட்டை இருக்கிறது. சர்ப்ளஸ் பீஸ், லேபிளை வெட்டிவிட்டோ மையால் அடித்துவிட்டோ, குவியலாகக் கொட்டி விற்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவர் ஜெர்மன் பிராண்டு பனியன் போட்டுக்கொண்டு போவார். விலையுயர்ந்த பிராண்டுகளுக்கு அது பொறுக்காது. பர்பெரி என்ற பிரிட்டிஷ் கம்பெனி ஒரே வருஷத்தில் 2.86 கோடி பவுண்டு பெறுமான சரக்கை அழித்த விஷயம் 2018இல் அதன் ஆண்டறிக்கையிலிருந்து வெளியே வந்தது. கூச்சல் எழுந்ததும் இனி எரிப்பதில்லை என்று அறிவித்தார்கள். பிரான்ஸில் 2020இல் சட்டமே போட்டு, 2022 முதல் விற்காத துணியை அழிக்கக் கூடாது என்று தடுக்க வேண்டியிருந்தது. மலிவாக யார் கையிலும் போய்விடக் கூடாது என்பதற்காகத் தீ வைக்கிற புத்தியைத்தான் பகட்டு என்று சொல்வேன். காதர்பேட்டையில் குவியலைக் கிளறுகிறவரிடம் அது இல்லை. உங்களிடமும் இல்லை.

யாருக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்தவர் ஆசைப்படக் கூடாது என்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண் பட்டு கேட்கக் கூடாது. ஓரத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கோட்டில் என்ன இருக்கிறதென்று தெரியும். படத்தில் மடிப்பு விழுகிற விதத்தைப் பார்த்தே துணியின் கனத்தைச் சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

ஆனால் ஷோ பார்க்கிற பழக்கத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகியுங்கள். உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் எடுத்துவைத்த படங்களில் இன்னும் அழிக்காதது எத்தனை? அந்த 101801 மட்டும்தான் என்றால் உங்களுக்குக் கோட்டின் மேல்தான் ஆசை. மாதத்துக்கு ஒரு படம் மாறுகிறது, இது மட்டும் பழக்கதோஷத்தில் தங்கியிருக்கிறது என்றால் சீசன் உங்களைப் பிடித்து ஆட்டுகிறது. அதே கம்பெனி 2013இல் டெடி பேர் கோட் என்று ஒன்றை இறக்கியது. பொம்மைக் கரடி மாதிரி புசுபுசுவென்று இருக்கும். நடிகைகள் எல்லாம் போட்டார்கள், பிறகு தெருவுக்குத் தெரு நகல். எனக்குக் கண்ணிலேயே ஆகாது. உங்கள் படங்களில் அது இல்லை என்று நம்புகிறேன்.

வாங்கலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். காரணம் பகட்டு அல்ல, பூச்சி. கம்பளியும் காஷ்மியரும் பூச்சிக்கு விருந்து. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் அது பீரோவில் நாப்தலின் உருண்டையோடு தொங்கும். மழைக்காலத்தில் பூஞ்சை ஏறும். டிசம்பரில் ஊட்டிக்குப் போட்டுக்கொண்டு போனாலும் பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான், கனம் வேறு. வேலை நிமித்தம் வருஷா வருஷம் குளிரில் ஐரோப்பா போக வேண்டியிருந்தால் கதையே மாறும். அப்போதும் புதிதாக வாங்க வேண்டும் என்று இல்லை. பழைய உடுப்பு விற்கிற கடைகளில் இந்தக் கோட் கிடைக்கும். ஸ்டைல் மாறாததால் எந்த வருஷத்துக் கோட் என்று ஒருவருக்கும் தெரியாது. ஜனவரித் தள்ளுபடியை நம்பிப் போகாதீர்கள். எப்போதும் விற்கிற சரக்குக்கு எதற்குத் தள்ளுபடி?

போனால் கடைக்குள் நுழைந்து கேட்டுப் போட்டுப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை. கூச்சப்படாதீர்கள். செக்கிங்கில் செய்கிற மாதிரி காலரைத் திருப்புங்கள், லைனிங் சேர்கிற இடத்தைப் பாருங்கள், பொத்தான் அடியில் நூல் கழுத்து எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சைஸ் மட்டும் ஒன்று குறைத்துக் கேளுங்கள். தாராளமாக வெட்டிய கோட் அது. உங்கள் வழக்கமான சைஸைக் கேட்டால் உள்ளே இன்னொருத்தருக்கும் இடம் இருக்கும்.

அன்புடன்,
அக்கா