பாசிச் சாறு கூழாகி நிற்கிறதா?
தம்பி, முட்டம் கடற்கரைப் பாறையில் எடுத்த சார்காசம் என்ற பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஃபியூகாய்டான் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருளைப் பிரிக்கும்போது சாறு கூழாகி வடிதாளிலேயே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படிக் கூழாவது ஆல்ஜினேட் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலிப் பொருள். பழுப்புப் பாசியில் அது நிறைய இருக்கும். வடிகட்டும் முன் கால்சியம் குளோரைடு கரைசல் சேருங்கள். ஆல்ஜினேட் திரண்டு பிரிந்துவிடும். அப்புறம் தெளிந்த நீரில் எத்தனால் ஊற்றினால் ஃபியூகாய்டான் படியும்.

ஃபியூகாய்டானின் மூலக்கூறு அமைப்பையும் இந்தப் புராஜெக்டிலேயே சொல்லிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமிலத்தில் உடைத்தால் அதில் ஃபியூக்கோஸ் என்ற சர்க்கரை இருப்பது தெரியும். எந்தக் கார்பன் எதோடு இணைந்தது என்று தெரியாது. அதற்கு மெத்திலேற்றமும் (இணையாத இடங்களில் மெத்தில் தொகுதியைச் சேர்த்து அடையாளமிடுவது) என்எம்ஆரும் (காந்தப்புலத்தில் அணுக்களின் சூழலைப் பார்க்கும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை) வேண்டும். வெறும் இரண்டு குளுக்கோஸ் வளையங்களே 11 விதமாக இணையலாம்! சர்க்கரைச் சங்கிலியை எந்திரத்தில் கோக்கும் முறையை வேதியியலாளர் பீட்டர் சீபெர்கரின் குழு 2001-இல்தான் காட்ட முடிந்தது.

பாசி எடுத்த மாதத்தையும் குறித்து வையுங்கள், பருவத்துக்கேற்ப ஃபியூகாய்டான் அளவு மாறும்.